நூற்று எழுபத்தோராம் பக்கத்தில் உன் பென்சில் எழுத்து

திஸ்னித்,
ரமலான் பன்னிரண்டாம் நாள்

அன்பு மகள் திலீலாவுக்கு,

உன் பாபா ஹம்மு எழுதுவது. உன்மேல் அமைதி உண்டாகட்டும். நானும் உன் அம்மாவும் இறைவன் கருணையால் நோன்பும் தொழுகையுமாக நல்லபடி இருக்கிறோம். விமானம் ஓட்டப் பழகப் போன அந்தப் பனி நாட்டில் நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ அப்படி இல்லை என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டதால் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இங்கே மழை இரண்டு முறை நன்றாகப் பெய்தது, பாதாம் பூத்து உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்த அன்றே மொட்டை மாடிக்கு ஏறிக் கம்பளியெல்லாம் உதறிக் காயப்போட்டு வலியை மறுபடியும் கூட்டிக்கொண்டாள். சொன்னால் கேட்பவளா. உனக்காகப் பாதாமும் தேனும் சேர்த்து அம்லு அரைத்து இரண்டு புட்டி நிரப்பி வைத்திருக்கிறாள், அங்கிருந்து வந்திருக்கும் உன் தோழி ஸஃபிய்யா திரும்பும்போது கொண்டுவருவாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு ஆகாயத்துல பறந்துக்கிட்டே நோன்பு வைக்கிறா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். பேக்கரிக்காரன்கூட நேற்று என்னை நிறுத்தி, "ஹாஜி, உங்க பொண்ணு நோன்பு தொறக்கும்போது சூரியன் அவளுக்குக் கீழயா இருக்கும், மேலயா இருக்கும்?" என்று கேட்டான். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸஃபிய்யாவிடம் நீ கொடுத்தனுப்பிய புத்தகம் வந்தது. அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய்: 'படிச்சுட்டு உங்க கருத்தை ஒளிக்காம எழுதுங்க பாபா, இதுல வர்ற பொண்ணு நான்தான்.' ஒளிக்காமல் எழுதச் சொன்னது நீ. பிறகு என்மேல் வருத்தப்படாதே. 'வளையத்தின் மாணவி' என்று தலைப்பு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், இளையோர்க்கான அறிவியல் கதை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான் இளையோன் இல்லை, பள்ளிக்கூடமும் போனதில்லை, பூச்சிமருந்துப் பீப்பாய்களின்மேல் அச்சடித்திருந்த எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவன், அதனால் இந்தப் புத்தகம் எனக்குப் புரியாது என்று நீ நினைத்திருக்கலாம். ஒரு வரி விடாமல் படித்தேன். ஆறு நாள் ஆனது. அஸர் தொழுகைக்குப் பிறகு நாக்கு வறண்டு தலை கனக்கும் நேரத்தில்தான் படித்தேன், அதனால் எனக்குக் கோபம் வந்தது பசியில் என்று உன் அம்மா சொல்கிறாள். பசியில் இல்லை. நோன்பு திறந்து வயிறு நிறைய ஹரீராக் கஞ்சி குடித்த பிறகும் அந்தக் கோபம் அப்படியேதான் இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனம் வராமல் போய்விடலாம். ஓரின் என்ற அந்தப் பதினேழு வயதுப் பெண் முதல்முறையாகக் கப்பலைத் தரையில் இறக்கும் இடம் நன்றாக இருக்கிறது. கடைசி நொடியில் தரை தானாக எழுந்து வருவதுபோல் இருக்கும் என்று எழுதியிருக்கிறாளே அந்த நூலாசிரியை, அது உண்மை. விமானத்தில் முன்னால் உட்கார்ந்து பார்க்காதவளுக்கு அது தெரியாது. அவள் தாயிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகிறது, தாய் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் தாய் தூங்கிப்போய்விடுகிறாள் என்ற இடத்தை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு "அந்த அம்மாவை எழுப்பச் சொல்லுங்க யாரையாவது" என்றாள். இதற்குமேல் நல்லது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இனிக் கேள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அந்தக் கப்பலுக்கு எரிபொருள் ஊற்றியவன் யார்? சக்கரத்துக்குக் கட்டை வைத்தவன் யார்? கண்ணாடியைத் துடைத்தவன் யார்? ஒருவனும் இல்லை. நான் தேடினேன் மகளே, விரலை வைத்துக்கொண்டு தேடினேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு ஒருவன் வருகிறான். ஓரின் அவனிடம் "தள்ளு" என்கிறாள். தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான் அவன் கதை. அவனுக்குப் பெயர்கூட வைக்க எழுதிய அந்த அம்மாளுக்கு மனமில்லை. பன்னிரண்டு வருடம் கொடி பிடித்தும் மருந்து நிரப்பியும் வெட்டுக்கிளிக்கு மருந்து தெளிக்கும் விமானங்களின் வயிற்றடியில் கிடந்தவன் நான், என் மகள் எனக்கு அனுப்பிய புத்தகத்தில் என்னைப் போன்ற ஒருவன் ஒரே ஒரு சொல்லுக்கு வந்து போகிறான். பிறகு எரிபொருள் கணக்கு. ஏழு நிமிடத்துக்கான எரிபொருள்தான் மிச்சம் என்று முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் எச்சரிக்கை ஒலிக்கிறது. அதற்குப் பின் அவள் மூன்று முறை கப்பலைத் திருப்புகிறாள், ஒருவனோடு மனம்விட்டுப் பேசுகிறாள், அழுகிறாள், ஒரு நிலவைச் சுற்றிவருகிறாள், அதற்கப்புறம்தான் இறங்குகிறாள். நானே அந்தப் பகுதியை உரக்கப் படித்து உன் அம்மாவைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன், அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அப்புறம் அந்தச் சரிபார்ப்பு அட்டை. புறப்படுமுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டிய அட்டையை அவள் சன்னல் வழியாக எறிகிறாள், 'என் இதயத்துக்குத் தெரியும்' என்கிறாள், அதற்கு அந்த வகுப்பே கைதட்டுகிறது. எந்த விமான ஓட்டியின் இதயத்துக்கும் ஒன்றும் தெரியாது. இதயம் எப்போதும் 'கிளம்பு கிளம்பு' என்றுதான் சொல்லும். அட்டைதான் 'பொறு' என்று சொல்லும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். கதைதானே, சின்னப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தூங்கப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் பதினொன்றாம் அத்தியாயத்தை என்னால் விட முடியாது. ஓரினுக்குக் கூர்மையாகத் திரும்பும்போதெல்லாம் கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. பள்ளியின் மருத்துவர், பாவம், நேர்மையான மனுஷன், ஏதாவது தொந்தரவு உண்டா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். அவள் இல்லை என்கிறாள். அந்த நூலாசிரியை இந்தப் பொய்யை என்னவென்று எழுதுகிறாள் தெரியுமா? தைரியம் என்று எழுதுகிறாள். மருத்துவரை மெலிந்த உதடும் ஈர விரலும் உள்ளவராக வரைந்து, பிள்ளைகளின் கனவைக் கெடுக்க வந்தவராக ஆக்கி, கடைசியில் அந்த இருட்டிய கண்ணோடேயே அவள் ஆயிரத்து நூறு பேரைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்குவதாக முடிக்கிறாள். இது பொய். கதை என்பதற்காகச் சொல்லும் பொய் வேறு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். இது படிக்கிறவனைக் கொல்லும் பொய். அட்டையில் பரிசு பெற்றது என்று தங்க முத்திரை வேறு. பரிசு கொடுத்தவர்களில் ஒருவனாவது ஒரு விமானம் திரும்புவதைக் கீழிருந்து பார்த்திருக்கிறானா என்று எனக்குத் தெரியவேண்டும்.

அந்த அத்தியாயத்தில்தான், நூற்று எழுபத்தோராம் பக்கத்தில், அவள் மருத்துவரிடம் பொய் சொல்லும் வரிக்கு நேரே ஓரத்தில் உன் கையெழுத்து இருந்தது. பென்சிலால், சின்னதாக. 'நேத்து எனக்கும் இதேதான், ரெண்டாவது திருப்பத்துல. யாருக்கும் தெரியாது.' அதற்குக் கீழே நோன்பு மூன்று என்று போட்டிருந்தாய். புத்தகத்தைக் கொடுத்தனுப்பும் அவசரத்தில் அதை அழிக்க மறந்திருக்கிறாய்.

நேற்று உன்னைத் தொலைபேசியில் பிடித்தேன். நீ சிரித்தாய். "ஒண்ணுமில்ல பாபா, ஒரு நொடி மங்கலாச்சு, அப்புறம் சரியாயிடுச்சு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாய். பயிற்சியாளரிடம் சொன்னாயா, நோன்பு வைத்துக்கொண்டு பறக்கிறேன் என்றாவது சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா தரையில உக்கார வச்சிடுவாங்க. திங்கக்கிழமை நான் முதல்முறை தனியாப் பறக்கணும், ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாய். நான் சத்தம் போட்டேன். அதற்கு நீ சொன்னது இருக்கிறதே, அது இன்னும் காதில் நிற்கிறது. "நாப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல, மூஞ்சில முகமூடி கட்டிக்கிட்டு, ஒரு நோன்பு விடாம வச்சவர் மக நான். இந்தக் குளிர்ல வைக்க மாட்டேனா?" பக்கத்தில் இருந்த உன் அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு "நோன்பு நாள்ல பொண்ணைத் திட்டாதீங்க" என்றாள். அவள் முன்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெட்டுக்கிளி வருடத்தில் நான் நோன்பு வைத்த கதையை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் நான் சொன்னது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன். எங்கள் முகாமில் இருந்த விமான ஓட்டி பென்னாசர், மெக்னஸ் நகரத்துக்காரர், மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். காலையில் பூச்சி குளிரில் உறைந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு பறப்பு, மாலையில் அது இறங்கும்போது இன்னொன்று. ஒவ்வொரு முறை இறங்கியதும் இருக்கையில் இருந்தபடியே ஒரு புட்டித் தண்ணீரை முழுசாகக் குடிப்பார். ரமலான் வந்தது. அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. எங்கேயாவது ஒளிந்து குடித்திருந்தால் நாங்கள் விட்டிருப்போம், அவர் எங்கள் கண் முன்னாலேயே குடித்தார். பயணத்தில் இருப்பவனுக்கு இறைவன் சலுகை கொடுத்திருக்கிறான் என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டோம். "ஆமாமா, பெரிய பயணம், அந்த மணல்மேட்டுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம்" என்றான் ஒருத்தன். "மெக்னஸ்ல நோன்பு பதினோரு மணிக்கே முடிஞ்சிடுமாம்ல?" என்றான் இன்னொருத்தன். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். யார் கிண்டலுக்கும் அசையவில்லை. அப்போது நான் ஒன்று செய்தேன். சந்தைக்குப் போன வண்டியில் ஒரு குழந்தைப் பால் புட்டி வாங்கிவரச் சொல்லி, அதில் தண்ணீர் ஊற்றி, அவர் விமானத்தின் கதவுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். நான்தான். இந்தக் கையால்தான். முகாம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அதை அவிழ்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் இறங்கியதும் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமல் என் கையில் வைத்தார். "இன்னைக்கு வேண்டாம் ஹம்மு. திருப்திதானே?" என்றார். திருப்தியாகத்தான் இருந்தது மகளே, நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அன்று சாயங்காலம் எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டு நோன்பு திறந்தார், நாங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தோம். மூன்றாம் நாள் மாலைப் பறப்பில் நான் வெள்ளைக் கொடியோடு வரிசையின் கடைசியில் நின்றேன். மருந்து தெளித்துக்கொண்டே என் தலைக்குமேல் போவார், அங்கே திரும்புவார், நான் இருபது அடி நகர்ந்து நிற்பேன், மறுபடி வருவார். மூன்று முறை சரியாக வந்தார். நான்காவது திருப்பத்தில் ஒரு இறக்கை கீழே சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. பயந்த ஆள் ஓட்டும் பிடியை வெடுக்கென்று இழுப்பான், விமானம் ஒரு துள்ளலாவது துள்ளும். அது துள்ளவில்லை. தூங்குகிறவன் தலை சாய்வதுபோல அது மெதுவாகச் சாய்ந்து மண்ணைத் தொட்டது. நான் அதுவரை கொடியை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அவர் சாவை விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள், அருகில் நின்றவன் நான்தானே. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா, நோன்பு வைத்திருந்தாரா என்று நேராகக் கேட்டார்கள். தெரியாது என்றேன். காற்று அடித்ததா என்று கேட்டார்கள். அடித்தது என்றேன். காகிதத்தில் காற்று என்று எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். எழுதக் கற்றபின் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். அந்த நாளுக்குப் பின்னும் நான் நோன்பு விடவில்லை, மாதம் முழுக்க வைத்தேன், அதைத்தான் உங்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தேன். அவருக்கு மனைவி இருந்தாளா, பிள்ளை இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் இருந்தது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஆகையால் ஓரின் பொய் சொன்னது தைரியம் என்று எழுதிய அந்த ஆசிரியையிடம் எனக்கு வழக்கு இருக்கிறது, அதை நான் விடப்போவதில்லை. பதிப்பகத்துக்கும் எழுதுவேன். ஆனால் உன்னிடம் இருக்கும் வழக்கு அதைவிடப் பெரியது. இறைவன் பயணத்தில் இருப்பவனுக்கும் நோயாளிக்கும் ஒரு சலுகை வைத்திருக்கிறான், விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க நீ யார்? என்னைப் போல் ஆகவேண்டும் என்று வைத்தாயா? நான் எப்படிப்பட்டவன் என்று இப்போது தெரிந்துகொண்டாய் அல்லவா. 'இந்தப் பெண் நான்தான்' என்று எழுதியிருந்தாய். இல்லை. அவளுக்குக் கண் இருட்டினால் எழுதுகிறவள் அடுத்த பக்கத்தில் வெளிச்சம் போட்டுவிடுவாள். உனக்கு அடுத்த பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. பறப்பு தள்ளிப்போகும், தள்ளிப்போகட்டும். இரண்டு வருடம் காத்தவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பெரிதில்லை. காது, இரத்தம், கண் எல்லாம் பார்க்கச் சொல். நோன்பினால்தான் என்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் தீர்ந்தது. வேறு ஏதாவது என்றால் அது தரையில் இருக்கும்போதே தெரியட்டும்.

நான் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன். உன் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஸஃபிய்யா அதை அவர்கள் மொழியில் மாற்றித் தன் தொலைபேசியில் வைத்திருக்கிறாள். உன் பெயர், நோன்பு, இரண்டாவது திருப்பம், எல்லாம் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் நண்பகலுக்குள் நீயே அவரிடம் சொல்லிவிட்டதாக அவர் வாயால் எனக்குச் செய்தி வரவேண்டும். உன் வாயால் வந்தால் போதாது, மன்னித்துக்கொள், இந்த ஒரு விஷயத்தில் உன்னை நம்ப முடியாது. வராவிட்டால் அந்தக் கடிதம் போகும். ஸஃபிய்யா முதலில் மாட்டேன் என்றாள். "அனுப்பினா அவ என்னைக் கொன்னுடுவா மாமா" என்றாள். "கொல்றதுக்கு அவ உயிரோட இருக்கணும்ல" என்றேன். தொலைபேசியை எடுத்து மொழிமாற்ற உட்கார்ந்தாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்பப்போகிறாள். வழியில் அவளும் படிப்பாள். படிக்கட்டும். இன்று நோன்பு திறந்ததும் உன் அம்மாவிடமும் இதையெல்லாம் சொல்லப்போகிறேன். உன்மேல் கோபித்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருக்காது, என்மேல் கோபித்துக்கொள்ளவே முப்பது வருடம் போதாது.

நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். ஒரு வருடம் பேசாதே, பத்து வருடம் பேசாதே, என் பிடிவாதம்தான் உனக்கும், எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

இறைவன் உன் கண்ணுக்கு ஒளியையும் கைக்கு நிதானத்தையும் தரட்டும். நீ ஏறும் ஒவ்வொன்றிலிருந்தும் உன்னை இறக்கிவிடட்டும். உன் அம்மாவின் முத்தங்கள். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, குளிர் காலிலிருந்துதான் ஏறுகிறது. ஞாயிறு நண்பகல் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை மறுபடி ஒருமுறை படி. படித்து முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடி. இப்போதே.

உன் தந்தை,
ஹம்மு